பழவேற்காட்டுக்குப் போகாத சனிக்கிழமை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒரு கோடை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விட்டிருந்தது. ஆரம்பாக்கத்தில் நெல் விதைத்து அறுக்கிற குடும்பம் எங்களுடையது. என் பிள்ளைகள் இருவரும் அதுவரை கடலையே பார்த்ததில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஏதாவது கடற்கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். எந்தக் கடற்கரை என்பதில்தான் என் சாயம் வெளுத்தது.

கும்மிடிப்பூண்டியில் எனக்குக் குமாஸ்தா வேலை. அங்கே கடைத்தெருவில் கைலிக் கடை வைத்திருந்த பாய் என் சிநேகிதர். பழவேற்காட்டுக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சாயங்காலம் ரயில் வரும்வரை அவர் கடையில்தான் கிடப்பேன். கோடை வந்தால் அவர் விடமாட்டார்.

"எங்க ஊருக்கு வா தம்பி. தோணியில ஏரியத் தாண்டுனா அந்தாண்ட கடலு. ஈ காக்கா இருக்காது. புள்ளைங்க இஷ்டத்துக்கு ஆடிக்கினு கெடக்கலாம்."

அந்த வருஷம் நான் சரி என்றேன். சனிக்கிழமை வருகிறோம், ராத்தங்கிவிட்டு ஞாயிறு திரும்புகிறோம் என்று நாளையும் சொன்னேன். என் எதிரிலேயே ஊருக்குப் போகிற ஒருவரிடம் தோணிக்குச் சொல்லி அனுப்பினார். வீட்டில் சொன்னதும் என் மனைவி அப்போதே பிள்ளைகளின் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

என் தாயார் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். "ரெண்டு நாளு சோத்துக்கு இன்னா பண்ணுவ? பாய் ஊட்ல கை நனைச்சன்னு தெரிஞ்சா, உன் தங்கச்சியப் பொண்ணு கேட்டு எவன் வருவான்?"

அந்தப் பாய் பொங்கலன்று எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர். வாசல் பந்தலில் தனியாக இலை போட்டோம். சாப்பிட்டு முடித்து, தன் இலையைத் தானே எடுத்துக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் அந்த இடத்தில் சாணம் தெளித்தாயிற்று. இதையெல்லாம் தாயாரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எண்ணூரில் என் மனைவியின் தாய்மாமன் வீடு இருந்தது. அங்கேயும் கடல்தானே, அங்கேயே போவோம் என்றேன்.

"வரோம்னு சொல்லிட்டு இப்ப மாத்துனா அவரு இன்னா நெனைப்பாரு?" என்றாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, கம்னு இரு" என்று எரிந்து விழுந்தேன். நியாயம் அவள் பக்கம் இருந்தது. எனக்கு அதுதான் எரிச்சல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாய் கடையில் போய் நின்றுகொண்டு, சின்னப் பிள்ளைக்கு ஜுரம் என்றேன். கல்லுக் குண்டாட்டம் ஓடி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு, வாய் கூசாமல். அவர் கையிலிருந்த கைலியைக் கீழே வைத்தார்.

"அடடா. நீ புள்ளயப் பாரு தம்பி. கடலு எங்க ஓடிடப் போவுது?"

எண்ணூரில் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அலை வந்தால் கத்துவார்கள், போனால் துரத்துவார்கள். "நைனா, நீயும் வா" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் மணலிலேயே உட்கார்ந்திருந்தேன். அலைக்குப் பக்கத்தில் ஓடுகிற சின்னவனைப் பார்க்கும்போதெல்லாம், ஜுரம் என்று சொன்ன வாய் கசந்தது.

ஞாயிறு சாயங்காலம் வீடு திரும்பினோம். கூடத்தில் ஒரு பெரிய கூடை இருந்தது. உள்ளே இரண்டு புது மண்பானை, ஓர் அகப்பை, அரிசி, துவரம்பருப்பு, புளி, மிளகாய், தேங்காய், மேலே ஒரு கட்டு வாழை இலை.

"உன் பாய் வந்தாரு" என்றாள் தாயார். "புள்ளைக்கு ஜொரம் எப்டி இருக்குதுன்னு கேட்டாரு. ஜொரமா, எல்லாரும் எண்ணூருக்குப் போய்க்கிறாங்களேன்னு சொல்லிட்டேன். நீ பொய் சொல்லிட்டுப் போனது எனக்கு இன்னா தெரியும்?"

"அவர் என்ன சொன்னார்?"

"கூடைய எறக்கி வெச்சாரு. அப்பால, எங்க ஊட்டுத் தோட்டத்துல தனியா அடுப்பு போட்டு வெச்சிருந்தேம்மா, உங்க மருமவளே அவங்க கையால பொங்கிக்கட்டும்னு புதுப்பானை வாங்குனேன், இது உங்களுக்குன்னு வாங்குனது, இங்கயே இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போனாரு." கூடையைப் பார்த்துக்கொண்டே, "வெயில்ல வந்த மனுசன். தண்ணி வேணுமான்னு கூட நான் கேக்கல" என்றாள்.

எங்களுக்கு எது கூடாது, எங்கே கூசுவோம் என்று எல்லாம் யோசித்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அத்தனையும் தயார் செய்திருக்கிறார் மனுஷர். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மனைவி கூடையை எடுத்து உள்ளே வைத்தாள்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கென்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். கடையில் நான்கைந்து பேர் கைலி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் என்னைக் கண்டதும் எப்போதும்போல முக்காலியை நகர்த்திப் போட்டார்.

"புள்ளைக்கு ஒடம்பு தேவலையா தம்பி?"

எல்லாம் தெரிந்துதான் கேட்டார். அத்தனை பேர் எதிரில் என் மானம் போகக்கூடாதென்று கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், தொங்குகிற கைலிகளைப் பார்த்துக்கொண்டு நான் சொன்னேன்:

"தேவலை, பாய்."