படிப்புப் பாய்

பழைய பேட்டரி உடைக்கும் பட்டறையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கும் அவளுக்கு அங்கே சுத்தக்காரி என்று பெயர். கை கால் தேய்த்துக் கழுவி, துணி மாற்றாமல் வாசல் தாண்ட மாட்டாள். "ஈயம் அள்ளுறவளுக்கு மினுக்கைப் பாரு!" என்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. மகளைப் பட்டறைப் பக்கம் அண்டவிட்டதே இல்லை.

பேட்டரிகள் கப்பலில் வந்தன. எங்கோ பணக்கார ஊர்க்காரர்கள் ஓட்டித் தேய்த்த கார்களுடையவை. அங்கே வைத்து உடைக்கச் சட்டம் விடாதாம். அங்கே விஷமான தூசி இங்கே வந்தால் மட்டும் சந்தனமாகிவிடுமா?

மகளுக்கு எட்டு வயது. போன வருடம் பதினாறாம் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் ஒப்பித்தவள், இப்போது ஆறிலேயே தடுக்கி நிற்கிறாள். அடிக்கடி வயிற்றுவலி வேறு. அதற்காக எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு இன்றைக்கு. சுகாதார நிலையத்துப் பெஞ்சின் நுனியில் தாய் உட்கார்ந்திருந்தாள்.

"ரத்தத்துல ஈயம் ரொம்ப இருக்கும்மா," என்றாள் நர்ஸ். "அது மூளையைத்தான் பாதிக்கும். பிள்ளையைப் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?"

"சத்தியமா இல்லைங்க. ஸ்கூல் விட்டு வந்தா அவ பாய்ல உட்கார்ந்து படிப்பா, அவ்வளவுதான்."

"என்ன பாய்?"

"நானே தைச்சதுங்க. பட்டறைச் சாக்கு. ஈயத் தகடு அள்ளிப் போடுற சாக்கு, கிழியவே கிழியாது..." சொன்னவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். "மூணு தடவை துவைச்சேங்க."

"துவைச்சா போகாதும்மா."

"பழையபடி படிப்பாளா?"

"இனிமே ஏறாம பார்த்துக்கலாம். போனது திரும்புமான்னு என்னால சொல்ல முடியலைம்மா."

ஊரே கேலி செய்யக் கழுவிய கையால் தானே விஷத்தை விரித்துப் பிள்ளையை உட்காரவைத்திருக்கிறாள். அழக்கூட நேரமில்லாமல் வீட்டுக்கு ஓடினாள்.

மகள் அந்தப் பாயில் குப்புறப் படுத்து, விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளை அப்படியே வாரித் தூக்கினாள்.

"ஏம்மா? கணக்கு இன்னும் முடியலை!"

"தரையில உட்காரு. கையைக் கழுவிட்டு உட்காரு."

பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து பிள்ளைகள் பாடம் படிக்கும் சத்தம் கேட்டது. கால் நின்றுவிட்டது. அந்தச் சந்தில் ஏழு வீட்டுக்கு இதே சாக்கில் அவளே பாய் தைத்துக் கொடுத்திருந்தாள், நம் பிள்ளைகளும் படித்து ஆளாகட்டும் என்று.

கதவைத் தட்டினாள். திறந்த பக்கத்து வீட்டுக்காரியின் கண் சுருட்டிய பாயில் விழுந்தது.

"வா அக்கா!" முகமெல்லாம் சிரிப்பு. "எங்க சின்னவளுக்கும் ஒண்ணு தைச்சுட்டியா?"