இடப்பக்கத்து மேக்னட்டோ

அப்பாவும் அத்தையும் மூன்று வருடம் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. பார்த்துவைத்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு விமானம் ஓட்டப் படிக்கப் போனவள். லீவில் வந்தால் இருவரும் ஒரே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். "ஒங்க அத்தையைச் சாப்பிடச் சொல்லு" என்பார் அப்பா. "ஒங்கப்பா சாப்பிட்டாகளான்னு கேளு" என்பாள் அத்தை. நடுவில் நான். எனக்கு ஒன்பது வயது. அந்த வேலை பிடித்தே இருந்தது.

அத்தை பைலட்டாகி, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தொடங்கியபின், அவள் வேலை பார்த்த பயிற்சிப் பள்ளி எங்கள் ஊருக்கு வெளியே இருந்த பழைய ஓடுதளத்துக்குச் சில வாரம் வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டாரை ஏற்றிப் பறக்க அனுமதி வாங்கினாள். செய்தி நெற்குப்பை வரை போய், இரண்டு வேன் நிறைய சொந்தக்காரர்கள் புளியோதரையோடு வந்து இறங்கினார்கள். பெரியப்பா மட்டும், "பொம்பளப்புள்ள ஓட்டுனா நான் ஸ்கூட்டியிலயே ஏற மாட்டேன்" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் யார் ஏறுவது என்றபோது ஒருவரும் அசையவில்லை. அப்பாதான் நடந்தார். எங்கே போனாலும் வேட்டியே கட்டுகிறவர் அன்று பேன்ட் போட்டு வந்திருந்தார். அவர் முன்னால் அத்தைக்குப் பக்கத்தில், நான் பின்னால். மூன்று பேர் காதிலும் ஹெட்செட்.

ஓடுதளத்தின் முனையில் அத்தை பிரேக்கை அழுத்தியபடி விமானத்தை நிறுத்தி எஞ்சின் வேகத்தைக் கூட்டினாள்.

"ஒங்க அத்தைகிட்டக் கேளு, ஏன் இங்கனயே நிக்கிறோம்னு" என்றார் அப்பா, என் பக்கம் திரும்பி. ஹெட்செட் வழியாக அது நேரே அத்தையின் காதில் விழுந்தது. நான் வாயெடுப்பதற்குள் அவளே பேசிவிட்டாள்.

"மேக்னட்டோ பாக்குறேண்ணே. பிளக்குக்குத் தீப்பொறி குடுக்குறது. ரெண்டு இருக்கு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு ஓட்டும். ஒவ்வொண்ணாப் பாத்துட்டுத்தான் மேல போகணும்."

சாவியை ஒரு பக்கம் திருப்பினாள். சத்தம் லேசாகத் தணிந்தது. எஞ்சின் வேகத்தைக் காட்டும் மீட்டரின் முள் சற்றே இறங்கி நின்றது. பழைய நிலைக்குக் கொண்டுவந்து, இடப்பக்கத்து மேக்னட்டோவில் மட்டும் ஓடும்படி திருப்பினாள். என் இருக்கை குலுங்கியது. முள் சரசரவென்று இறங்கியது.

"இம்புட்டு எறங்கக் கூடாதே" என்று முணுமுணுத்தாள். பிளக்கில் படிந்த கரி எரிந்து போகட்டுமென்று பெட்ரோலைக் குறைத்து எஞ்சினைச் சிறிது நேரம் வேகமாக ஓடவிட்டாள். மறுபடி சாவியைத் திருப்பினாள். அதே குலுக்கல்.

அப்பா காரைக்குடியில் பைக் பட்டறை வைத்திருப்பவர். அவர் மீட்டரைப் பார்க்கவில்லை. அத்தையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள்.

"போலாம் அத்தை! அதான் ஓடுதுல்ல!" என்று கத்தினேன்.

அத்தை கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள். "இன்னிக்கிப் போக முடியாதுண்ணே" என்றாள்.

"இடது பக்கம் சரியாப் பத்தலை" என்றார் அப்பா, நேரே அவளிடமே. "மொதத் தடவையே காதுல விழுந்துச்சு."

"பின்ன ஏன் சொல்லலை?"

"நீ என்ன செய்யிறேன்னு பாத்தேன்" என்றார் அப்பா.

அத்தை விமானத்தை மெதுவாகத் திருப்பி ஓட்டிவந்து கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளியே நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். நாங்கள் இறங்கி நடந்தோம். பெரியப்பாதான் முதலில் எதிரே வந்தார்.

"என்னத்தா, வண்டி கெளம்பலையாக்கும்? நான் அப்பவே சொன்னேன்ல..."

அத்தை ஏதோ சொல்ல வந்தாள். அப்பா முந்திக்கொண்டார். "அவ மேல தப்பு ஒண்ணுமில்லண்ணே. எனக்குத்தான் தலை சுத்திருச்சு. நான்தான் எறக்கி விடச் சொன்னேன்." சொன்னதோடு நிற்காமல் தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கித் தலையிலும் ஊற்றிக்கொண்டார். அங்கே எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. இவருக்கே இப்படியென்றால் நமக்கெதற்கு என்று மற்றவர்கள் புளியோதரைப் பக்கம் போய்விட்டார்கள். அத்தை அங்கேயே நின்றாள்.

"நீ போயி மெக்கானிக்கைக் கூப்புடுத்தா" என்றார் அப்பா, அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

திரும்பும் வழியில் எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. "ஏன்ப்பா பொய் சொன்னீக?" என்று கேட்டேன். "ஆமாத்தா, சொல்லிட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் யாராவது அப்பாவுக்கு ஊறுகாயை நீட்டி, தலை சுற்றலுக்கு நல்லது என்பார்கள். அவரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு கூடவே சிரிப்பார். சூடு சொரணையே இல்லையா இவருக்கு என்று நான் மனதுக்குள் பொருமுவேன். அத்தை மட்டும் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. பந்தியில் எங்கே இடம் பிடித்திருந்தாலும் எழுந்து வந்து அப்பாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொள்வாள். அவ்வளவு பெரிய கூடத்தில் அத்தைக்கு வேறு இடமா இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.