இடது கால் பெருவிரல்

விபத்துக்குப் பிறகு முதுகுவலியைப் பார்த்து நான் பயப்படவில்லை. பயம் வந்தது குழாயடியில். இடது செருப்பு கழன்று பின்னால் கிடக்க, வெறுங்காலோடு நடந்து போயிருக்கிறேன். அம்மா கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் காலைப் பார்த்தேன்.

எனக்கு ஊர் வெள்ளிமலை. விமானம் ஓட்டப் படிக்க வெளியூர் போயிருந்தேன். தனியாக ஓட்டித் தரையிறக்கும்போது, அந்தச் சின்ன விமானம் ஓடுபாதையில் பட்டு எழும்பி, மறுபடி தொப்பென்று விழுந்தது. முன்சக்கரம் முறிந்தது. எனக்கு பர்ஸ்ட் ஃப்ராக்சர் (முதுகெலும்பில் ஒரு கண்ணி நொறுங்கி, சில்லு நரம்பை அழுத்துவது). ஆபரேஷன் செய்து, ஸ்குரூ வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஓடுபாதையில் விமானத்தை நேராக வைத்திருப்பது பெடலை மிதிக்கும் கால்கள்தான். பாதம் மரத்துப்போன ஆளை யார் ஓட்டவிடுவார்கள்? உணர்ச்சி திரும்புமா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கள்ளக்குறிச்சி டாக்டரம்மா ஒரு சோதனை சொன்னார். நாம் கண்ணை மூடிக்கொள்ள, ஒருவர் பெருவிரலை அசைப்பார். மேலே போகிறதா, கீழே போகிறதா என்று சொல்லவேண்டும். மூட்டுணர்வு (பார்க்காமலே உறுப்பு இருக்கும் நிலையை அறிவது) அதில் தெரிந்துவிடுமாம். அப்பா இதைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டார். சாமைக் காட்டிலிருந்து வந்து கைகழுவியதும் என் காலடியில் உட்கார்ந்துவிடுவார்.

“இன்னாம்மா, மேலயா கீழயா?”

“மேலப்பா.”

“கரெக்டு! டாக்டரம்மா அசந்துடப் போறாங்க பாரு.”

அந்தத் தெம்பில் மலையிறங்கினோம். டாக்டரம்மா விரலை அசைத்தார். மேல என்றேன், கீழ என்றேன். பாதிக்குப் பாதி தப்பு.

அப்பாவுக்குத் தாங்கவில்லை. “வூட்ல கரெக்டா சொல்லுதுங்க. நான் தெனம் பாத்துக்கினுதான இருக்கேன்!”

“எப்படிப் பிடிக்கிறீங்க, காட்டுங்க.”

கட்டைவிரல் மேலே, ஆள்காட்டிவிரல் கீழே. நல்ல இறுக்கமான பிடி.

“இப்படிப் பிடிச்சா எந்தப் பக்கம்னு அழுத்தமே காட்டிக் கொடுத்துடும்ங்க. பக்கவாட்டுல பிடிக்கணும், லேசா.”

அப்பா கையை எடுத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. எவ்வளவு பாசமாக ஏமாந்திருக்கிறோம்! இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் சோதனை நடக்கிறதென்றால், தயவுசெய்து பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள்.

அதற்குப்பின் வீட்டில் ஒரே பதில்தான்: “தெரியலப்பா.” குத்துமதிப்பாக ஏதாவது சொல்லி அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று வாய் வரை வரும். அடக்கிக்கொள்வேன்.

மழைக்காலம் முடிந்து மறுபடி போனோம். இம்முறை எல்லாமே சரியாகச் சொன்னேன். டாக்டரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“சரியாத்தான் சொல்றேன் டாக்டர். ஆனா லேட்டாத் தெரியுது. நீங்க அசைச்சு நிறுத்துன பிறகுதான் எனக்கு வருது.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “நரம்பு மெதுவாத்தான் தேறும். இது ஓட்டறதுக்குப் பத்துமான்னு இப்ப சொல்ல முடியாதுங்க.”

தரை நெருங்கும்போது காற்று ஒரு தள்ளு தள்ளினால், அந்த நொடியிலேயே கால் பதில் சொல்லவேண்டும். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும்.

பேருந்து நிலையத்தில் அப்பா கேட்டார்: “அதான் எல்லாம் கரெக்டா சொல்லிட்ட இல்ல? அப்புறம் ஏம்மா மூஞ்சி இப்படி கீது?”

வெள்ளிமலை வண்டி கிளம்பத் தயாராக இருந்தது. இடது காலைப் படியில் வைத்தேன்.

“ஏறும்மா, வண்டி எடுக்கணும்,” என்றார் கண்டக்டர்.

கால் படியில் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. காலுக்கும் அது தெரியட்டும் என்று நின்றேன். தெரிந்த பிறகு வலது காலைத் தூக்கினேன்.