எந்த சிப்ஸ்?

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து சரக்கைப் பரிசோதிக்க வருகிறவர்களைக் கவனித்துக்கொள்வதும் என் வேலைதான். அவர்கள் சாப்பாட்டுக்கும் நானே பொறுப்பு.

ஒருமுறை இங்கிலாந்துக்காரர் ஒருவர் வந்தார். மூன்றாம் நாள் வயிறு கெட்டுப்போய் எதுவும் வேண்டாம் என்றார். பிறகு, கொஞ்சம் சிப்ஸ் கிடைத்தால் போதும் என்றார். டிரைவரை பஸ் ஸ்டாண்ட் பக்கம் அனுப்பினேன். அவர் மிளகாய்த்தூள் தூவிய உருளைக்கிழங்கு வறுவலைச் சுடச்சுட வாங்கிவந்தார். இங்கிலாந்துக்காரர் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இது கிரிஸ்ப்ஸ், நான் கேட்டது சிப்ஸ் என்றார். மூன்று வில்லைகளுக்கு மேல் அவரால் முடியவில்லை. வெறும் வயிற்றோடு சாயங்காலம் வரை நின்று வேலை பார்த்தார்.

"சிப்ஸ்தானே மேடம் கேட்டாரு? இன்னா தப்பு பண்ணேன் நானு?" என்றார் டிரைவர்.

மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "இத்தினி வருசமா இருக்கிற, ஒரு வார்த்த புரியலியா உனக்கு?"

நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். என் இங்கிலீஷ்தான் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் போனில் தேடிப் பார்த்தேன். நம் ஓட்டல்களில் ஃபிங்கர் சிப்ஸ் என்று போடுகிறார்களே, அதைத்தான் அவர் கேட்டிருக்கிறார்.

சில மாதம் கழித்து அமெரிக்காக்காரர் ஒருவர் வந்தார். சாண்ட்விச்சும் சிப்ஸும் கேட்டார். இந்த முறை தெரியும் என்ற தைரியத்தில் கேன்டீன் மாஸ்டரிடம் சொல்லி ஃபிங்கர் சிப்ஸ் பொரித்துக் கொடுத்தேன். நான் ஃப்ரைஸ் கேட்கவில்லையே என்றார். அவருக்கு வறுவல்தான் சிப்ஸாம். மன்னிப்புக் கேட்டேன். அவர் நல்ல மனிதர், சாப்பிட்டுவிட்டார்.

போன மாதம் வந்தவர் ஆஸ்திரேலியப் பெண். வலது ஷூவுக்கும் இடது ஷூவுக்கும் நிறம் ஒத்துப்போகவில்லை என்று ஒரு லாட் சரக்கையே நிறுத்திவிட்டார். காலையிலிருந்து நாங்கள் இருவரும் உட்காரவே இல்லை. மத்தியானம் அவரும் சிப்ஸ் கேட்டார். யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. விரல் மாதிரி நீளமாக இருக்குமே அதுவா, வட்டமாக மொறுமொறுவென்று இருக்குமே அதுவா என்று கையால் காட்டிக் கேட்டேன்.

சிரித்தார். எங்கள் ஊரில் இரண்டுமே சிப்ஸ்தான், எங்கள் வீட்டிலேயே இந்தக் குழப்பம் உண்டு என்றார். முன்பு நடந்த இரண்டு கதைகளையும் சொன்னேன். நீங்கள் எதற்கு மன்னிப்புக் கேட்டீர்கள் என்றார். ஒரே பாஷை பேசுகிறவர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நானோ என் படிப்பில்தான் கோளாறு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிரைவர் இரண்டையும் வாங்கிவந்தார். ஒரே தட்டில் கொட்டி இருவரும் சாப்பிட்டோம். திரும்பும் வழியில் பார்த்த மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்படியா?" என்றார். பிறகு, "எனக்கும் தெரியாதும்மா. அன்னிக்கு சும்மா கத்திட்டேன்" என்றார்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கால் வலித்தது. பரவாயில்லை சார் என்று சொல்லிவிட்டு, நிறம் தவறிய ஜோடிகளைப் பிரிக்கக் கீழே இறங்கினேன்.