கொட்டாயில் அம்மா சிரித்தாள்

நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது. போன வாரம் பேரன் தன் செல்போனில் நம் சாமியைக் கேலி செய்யும் படம் ஒன்றைக் காட்டி, "பாரு ஆயா, இவனுங்கள என்ன பண்ணலாம் சொல்லு" என்று கொதித்தான். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். அன்று முழுவதும் என் அம்மாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். வாயால் சொல்ல வராததை எழுதியாவது வைக்கலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீடு விருத்தாசலத்தில், பீங்கான் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்தது. அப்பாவுக்கு நெய்வேலியில் வேலை. வாரத்துக்கு ஒரு நாள் வருவார். அம்மா பொம்மைப் பட்டறையில் இருந்தாள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளின் ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்து வைக்க வேண்டும். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். சூளையில் வண்டி தள்ளுகிறவர். வேலை அப்போதுதான் நிரந்தரமாகியிருந்தது. கோபம் அதற்கு முன்பே நிரந்தரம்.

ஆடி மாதம் எங்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது அம்மாவின் மேல்தான் சாமி வரும். பூசாரி உடுக்கையை எடுத்து அடிக்க ஆரம்பித்ததும் முதலில் அவள் கால்விரல்கள் மண்ணைக் கீறும். அப்புறம் உடம்பு உதறும். அதற்குப் பிறகு அவள் என் அம்மா இல்லை. தெருவே கும்பிட்டு நிற்கும். மறுநாள் காலையில் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் ஆடி பிறக்கும் முன்பு கூடாரம் கட்டிய சினிமா கொட்டாயில் ஒரு படம் வந்தது. அதில் ஒரு மருமகள். மாமியார் தனக்குக் கறி வைப்பதில்லை என்று சாமி வந்ததுபோல் ஆடி, கோழிக்குழம்பு கேட்பாள். மாமியார் பயந்துபோய்ப் படைப்பாள். ஊரே அதைப் பார்த்துச் சிரித்தது. எங்கள் பள்ளிக்கூடமும் சிரித்தது. "உங்கம்மா எதுக்குடி ஆடுது, கோழிக்கா கருவாட்டுக்கா?" என்று பக்கத்துப் பெஞ்சுப் பெண் கேட்டாள். வயிற்று வலி என்று இரண்டு நாள் வீட்டிலேயே படுத்துக்கொண்டேன்.

என்ன வலி என்று மாமா எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். சாயந்திரம் ஒரு பாட்டில் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் வெட்டரிவாளுமாகக் கிளம்பினார். வாசலில் அவருடைய சூளைக் கூட்டாளிகள் மூன்று பேர்.

"எங்கடா போற?" என்றாள் அம்மா.

"கொட்டாய்க்கு. கயித்த அறுத்துட்டுத் திரையக் கொளுத்தப் போறேன். நம்ம ஆத்தாளையா கிண்டல் பண்றானுங்க?"

"உள்ள புள்ளகுட்டிங்க இருக்கும்டா."

"எல்லாரையும் வெளிய போவச் சொல்லிட்டுத்தான் கொளுத்துவேன்."

"போலீசு வந்து புடிச்சா வேல போயிடும்."

"போனா போவுது."

அம்மா கேட்டாள்: "நீ அந்தப் படத்த பாத்தியா?"

"அதையெல்லாம் எவன் பாப்பான்!"

"பாக்காமியே கொளுத்தப் போறியா? நல்லா இருக்குதுடா உன் நாயம்."

வாசலில் நின்றவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். மாமா அவனை முறைத்தார். "உனக்குச் சாமி மேல பயமே கெடையாதாக்கா?" என்று கேட்டார்.

"தெனம் எத்தினி புள்ளையாரு தும்பிக்க ஒடைஞ்சி வராரு. அத்தினி பேரையும் களிமண்ணுத் தொட்டியிலதான போடறேன்? மறுநாளு முழுசா எழுந்து வராரு. அவரு என்னிக்காவது எங்கிட்ட கோவிச்சுக்கினாரா?" என்றாள் அம்மா. பிறகு தலையை முடிந்துகொண்டு எழுந்தாள். "நானே வந்து பாக்கறேன். ஆத்தாளுக்கு அவமானம்னு எனக்குத் தோணிச்சின்னா எழுந்து வெளிய வருவேன். அப்பறம் நீ என்னமோ பண்ணிக்கோ. அதுவரைக்கும் கயித்துல கை வெக்கக் கூடாது."

அம்மா அதற்கு முன் சினிமாவே பார்த்ததில்லை. நானும் கூட ஓடினேன்.

கொட்டாயில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே கீற்றுத் தட்டி இருந்தது. அம்மாவைக் கண்டதும் மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் நகர்ந்து நகர்ந்து, பத்துப் பேர் உட்காரும் இடத்தை எங்கள் இருவருக்கு விட்டுவிட்டார்கள். வெளியே கயிறு கட்டிய முளைப்பக்கம் மாமாவும் கூட்டாளிகளும் நின்றார்கள். அங்கிருந்து அம்மா அவர்களுக்குத் தெரியமாட்டாள். அவள் எழுந்து வருகிறாளா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்த இடம் வந்தது. எல்லாரும் முன்பே பார்த்தவர்கள், அல்லது கேள்விப்பட்டவர்கள். கொட்டாய் முழுக்கச் சத்தம் நின்றது. பெண்கள் திரையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார்கள். ஒலிபெருக்கியில் உடுக்கை கிளம்பியது. திரையில் அந்த மருமகள் தலையை விரித்துப்போட்டு, வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் மாமாவின் தீப்பெட்டியை நினைத்துக்கொண்டேன்.

உடுக்கை வேகம் எடுத்தது. அம்மாவின் பிடி இறுகி இறுகி என் வளையல் ஒன்று பட்டென்று உடைந்தது. திரையில் மாமியார் விழுந்து கும்பிட்டு, "ஆத்தா, என்ன வேணும்?" என்றாள். மருமகள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்து, "கோழி வேணும். தொடைக் கறியா வேணும்" என்றாள்.

அம்மா சிரித்தாள். தெருமுனை வரை கேட்கும் சிரிப்பு. "ஐயய்யோ, ஆத்தா பேரச் சொல்லித் தொடைக் கறியா கேக்கறா பாரேன் கள்ளி! அந்தக் கெழவி பாடு!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள், அவளுக்குப் பின்னால் இருந்தவள் சிரித்தாள், பெண்கள் பக்கம் முழுக்கச் சிரித்தது. தட்டிக்கு அந்தப் பக்கமும் அது பரவியது. மாமாவுக்கு அக்காவின் சிரிப்பு தெரியாதா? மண்ணெண்ணெய்ப் பாட்டிலோடு உள்ளே வந்து, மணலில் உட்கார்ந்து மீதிப் படத்தைப் பார்த்தார் என்று பின்னால் கூட்டாளிகள் சொன்னார்கள். அந்த வாரம் எங்கள் வீட்டு விளக்கு அந்த எண்ணெயில்தான் எரிந்தது.

இடைவேளையில் கொட்டாய்க்காரர் சோடாவோடு ஓடி வந்தார். முகமெல்லாம் வேர்வை. "தாயே, மனசுல வெச்சிக்காதீங்க. வேணும்னா அந்தத் துண்ட நறுக்கிடறேன்."

"எதுக்குங்க? ஜனங்க காசு குடுத்துச் சிரிக்க வந்திருக்காங்க. பொய்யா ஆடறவளைத்தான கிண்டல் பண்றாங்க, பண்ணட்டும்" என்றாள் அம்மா. சோடாவை வாங்கி எனக்குக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அந்த உடுக்கச் சத்தத்த மட்டும் கொறைச்சி வெச்சிடுங்க. எங்கள மாதிரி யாராவது வந்து ஒக்காந்திருப்பாங்க."

மறுநாளிலிருந்து அந்த இடம் வந்தால் ஒலிபெருக்கி வாயை மூடிக்கொண்டது. சத்தமே இல்லாமல் அந்த மருமகள் குதிப்பதைப் பார்த்து ஊர் முன்னைவிட அதிகமாகச் சிரித்ததாம்.

நான் பள்ளிக்கூடம் போனேன். அந்தப் பெண், "உங்கம்மா சிரிச்சாங்களாமே" என்று ஏமாற்றத்தோடு கேட்டாள். அதன்பின் கருவாட்டுப் பேச்சு இல்லை. ஆடியில் அம்மா வழக்கம்போல் ஆடினாள், தெரு வழக்கம்போல் கும்பிட்டது. மாமா ஜெயிலுக்குப் போகவில்லை. அதே சூளையில் வேலை பார்த்து, என் கல்யாணத்தில் முன்னால் நின்று, தலை நரைத்து ஓய்வு பெற்றார். இதெல்லாம் அன்று ஒருத்தி சிரித்ததால் எங்களுக்குக் கிடைத்தது. உயிரோடு இருந்தபோது அவளிடம் இதை நான் சொன்னதில்லை.

அன்று இரவு படம் விட்டு வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராகக் கிணற்றடிக்குப் போனாள். கட்டிய புடவையோடு நின்று, குடம் குடமாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டாள். அவள் உடம்பு உதறிக்கொண்டே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினாள். மாமா அவளுக்கு எதிரே கைகட்டி நின்றார். சாமி வந்தவர்களுக்கு அப்படித் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பதை ஒவ்வொரு ஆடியிலும் பார்த்தவள்தான் நான். ஆனாலும் அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சிரித்துச் சிரித்துத்தான் என் கையை நசுக்கிவிட்டாள் என்று நினைத்திருந்தேன். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குளிப்பதுபோல, சினிமாவுக்குப் போய் வந்தாலும் குளிக்க வேண்டும் போலிருக்கிறது என்று எண்ணி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"எனக்கும் ஊத்தும்மா" என்றேன்.

ஊற்றினாள்.