தரைவழிச் சத்தியம்

ஜீவனஹள்ளியில் ஏசி அய்யாவு வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். ரயில்பாதையை ஒட்டிய சந்தில், பிரித்துப்போட்ட கம்ப்ரெஸர் இரண்டு வாசலில் கிடக்கும் வீடு. காக்ஸ் டவுனிலும் ரிச்சர்ட்ஸ் டவுனிலும் பாதி வீட்டு ஏசிகளுக்குக் கேஸ் நிரப்பியவர் அவர். சொந்த வீட்டில் ஒரு மேஜை ஃபேன்தான். அவருடைய ஒரே மகள் சங்கமித்ரா, டிசம்பரில் மங்கி கேப் மாட்டிக்கொண்டு அதையே குளிர்காலம் என்று சொல்லிக்கொள்ளும் ஊரில் பிறந்தவள். அவள் ஐஸ் மேல் ஓடி ஆசியப் போட்டிக்குத் தேர்வானது தெருவுக்குப் பெருமை. தேர்வாகியும் போகாமல் இருந்தது தெருவுக்குப் புரியாத விஷயம். ஏன் போகவில்லை என்பதை அவள் இன்றுவரை யாரிடமும் உள்ளபடி சொன்னதில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் நாலு சக்கர ஸ்கேட்டிங்கில் தொடங்கியவள் அவள். பதினைந்து வயதில், எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஒரு மாலில் ஐஸ் ரிங்க் திறந்தார்கள் என்று கேள்விப்பட்டு அப்பாவை இழுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். மகள் விழுந்து எழுந்துகொண்டிருக்க, அய்யாவு அவளைப் பார்க்கவே இல்லை. பின்பக்கம் போய் மெஷின் ரூமை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"இது ஒண்ணுமில்லமா. ஏசிய மல்லாக்கப் படுக்க வெச்சிக்கிறாங்க, அவ்ளோதான்" என்றார்.

அந்த ரிங்க் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால் அளவுதான் இருக்கும். வேகம் எடுப்பதற்குள் சுவர் வந்துவிடும். அதனால் அவளுக்கு நேர் ஓட்டம் சுமார்; வளைவில் மட்டும் அவளை மிஞ்ச நாட்டில் ஆளில்லை. பிறகு அங்கேயே வேலை கிடைத்தது. மால் திறப்பதற்கு முன் பயிற்சி, திறந்த பிறகு ஐ.டி. கம்பெனிக்காரர்களின் பிள்ளைகளைக் கையைப் பிடித்து நடத்துவது. முகாம், போட்டி என்று வடக்கே போக வேண்டியிருந்தால் இரண்டு ராத்திரி ரயில், அதற்கு மேல் பஸ். ரயிலில் கால் வீங்கும். இறங்கியதும் நொண்டியடித்து நடந்து, மறுநாளே ஓடி, பதக்கத்தோடு திரும்புவாள்.

ஐந்து வருஷத்துக்கு முன் லடாக்கில், உறைந்த ஏரி ஒன்றின் மேல் தேசியப் போட்டி நடந்தது. இரண்டாம் நாள் பத்து மணி வெயிலுக்கே ஐஸ் வியர்த்துவிட்டது. ஐநூறு மீட்டர் இறுதிச் சுற்றுக்கு நின்றவர்களின் பிளேடு பாதி தண்ணீரில் முழுகியிருந்தது. நடுவர் சிவப்புக் கொடியைக் காட்டிப் போட்டியை ரத்து செய்தார். மற்றவர்கள் கூடாரத்துக்குப் போய் டீ குடித்தார்கள். சங்கமித்ரா கரையில் உட்கார்ந்து அழுதாள். பதக்கம் போனதற்கு அழவில்லை. காலுக்குக் கீழே இருந்த ஒன்று இல்லாமல் போவதைக் கண்ணால் பார்த்துவிட்ட பயம் அது. இந்தப் பெண்ணிடம் பொய் எதுவும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் அந்த நிஜத்திலிருந்து முளைத்ததுதான்.

அவள் அழுவதைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் ஜூடித். ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். பனிச்சறுக்கு அணிகளுக்கெல்லாம் பிசியோதெரபிஸ்டாகப் போனவர். அவரும், இருபது வருஷம் ஐரோப்பிய மலைகளில் ஸ்கீயிங் ஓடி ஓய்வு பெற்ற விக்கியும் சேர்ந்து 'விண்டர் கீப்பர்ஸ்' என்று ஒரு அமைப்பு நடத்தினார்கள். பனியில் விளையாடியவர்களே பனிக்காகப் பேச வேண்டும் என்பது கொள்கை. ஜூடித் வீட்டின் முன் அறைதான் ஆபீஸ். அங்கே எல்லோரும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார் விக்கி. சங்கமித்ராவுக்குக் கடைசிவரை வாயில் வந்தது 'சார்'தான்.

உறுதிமொழி யோசனை விக்கியுடையது. போட்டிக்கோ பயிற்சிக்கோ விமானத்தில் போகமாட்டோம், தரைவழிதான். வாயால் பேசுகிறவர்கள் நடந்தும் காட்ட வேண்டும் அல்லவா. அதைத் தமிழிலும் கன்னடத்திலும் கேமரா முன் வாசித்தவள் சங்கமித்ரா. கடைசி வரியில் 'பிரச்சாரப் பணிக்கான பயணம் தவிர' என்று இருந்தது. அதையும் அவளே கணீரென்று வாசித்தாள், என்ன வாசிக்கிறோம் என்று யோசிக்காமல். வீடியோ எங்கெங்கோ போனது. கையெழுத்துப் போட்டவர்கள் நாற்பத்தொரு பேர். அதில் இன்னும் போட்டிகளில் ஓடுகிறவர்கள் ஐந்தே பேர் என்பதை அவள் எண்ணிப் பார்த்தது வெகுநாள் கழித்து. மற்றவர்கள் பறந்து முடித்தவர்கள்.

அந்த ஐவரில் ஒருத்தி ஸ்னேஹா. அதே ரிங்க்கில் பயிற்சி செய்கிற காலேஜ் பெண். பரீட்சை முடிந்த மறுநாளே டெல்லியில் முகாம் ஆரம்பம் என்பதால் விமானத்தில் போய்விட்டாள். போகிற வழியில் போட்டோ ஒன்றையும் போட்டுத் தொலைத்தாள். சங்கமித்ரா அமைப்பின் வாட்ஸ்அப் குரூப்பில், எல்லோரும் பார்க்க, எழுதினாள்: 'ஐஸ் மேல் ஆசை இருப்பவர்கள் ரயிலில் வருவார்கள். தன் மேல் மட்டும் ஆசை இருப்பவர்கள் பறப்பார்கள். இப்படிப்பட்டவர்கள் நம்மோடு இருப்பது நமக்கு அவமானம்.' யாரும் தடுக்கவில்லை. விக்கி ஒரு கட்டைவிரலை உயர்த்தினார். ஸ்னேஹா குரூப்பை விட்டு வெளியேறினாள். அன்றைக்கு சங்கமித்ராவுக்கு மனசு குளிர்ந்தது என்பதே உண்மை.

ஆசியப் போட்டிக்கான தேர்வுக் கடிதம் வந்தபோது அவளுக்கு வயது இருபத்தெட்டு. கொரியாவில் போட்டி, ஐநூறு மீட்டர், இந்தியாவுக்கு ஒரே இடம். நாலு வருஷத்துக்கு ஒரு முறை நடப்பது. அடுத்ததில் முப்பத்திரண்டு வயது முழங்காலோடு பதினெட்டு வயதுக்காரிகளின் முன்னால் நிற்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். போனால் இப்போது போக வேண்டும், இல்லையென்றால் இல்லை. கடிதத்தின் கீழே மாற்று வீராங்கனை என்று இன்னொரு பெயரும் இருந்தது. ஸ்னேஹா.

அய்யாவுக்கு உறுதிமொழி பற்றித் தெரியும். வீடியோவைக் கஸ்டமர்களிடமெல்லாம் காட்டியவர் அவர்தான்.

"ரோட்டுல போவ முடியாதா?"

"பார்டர்லாம் மூடிக்கிதுப்பா. விடமாட்டாங்க."

"கப்பல்?"

"ஆளுங்கள ஏத்திக்கினு போற கப்பல் எதுவும் இல்ல. நான் எல்லாம் விசாரிச்சிட்டேன்."

"உன் பேருக்காரி அந்தக் காலத்துலயே போதி மரத்துக் கிளைய எடுத்துக்கினு கடல் தாண்டிப் போனா. இப்ப இவ்ளோ வந்தும் வழி இல்லயா?" புத்த விகாரையில் கேட்டு, ஆசையாக வைத்த பெயர் அது. அவர் கேலியாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. "போயிட்டு வாமா. கொஞ்ச நாள் பேசுவாங்க, அப்புறம் ஆய்த்து."

அவளுக்கும் போகத்தான் ஆசை. ஆனால் யாராவது ஒருவர், அந்த ரிச்சர்ட்ஸ் டவுன் அறையில் இருப்பவர்களில் ஒருவர், 'போ' என்று சொல்ல வேண்டும். அந்த ஒற்றைச் சொல்லுக்காக மறுநாள் மாலை அங்கே போனாள். ஹாலில் விக்கியின் சூட்கேஸ் தயாராக நின்றது. பருவநிலை மாநாட்டுக்கு ஜெனீவா போகிறார்.

"இது உன்னோட முடிவு, மித்ரா. நாங்க போலீஸ் கிடையாது" என்றார் விக்கி.

"போகட்டுமா சார்? அத மட்டும் சொல்லுங்க."

"நாங்க சொல்லக் கூடாது. அது ப்ரெஷர் ஆயிடும்."

ஜூடித் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. ஆனா நம்ம வீடியோல இருக்கிறது உன் முகம். அதையும் யோசிச்சுக்கோ."

"சார் போறாரே, மேம்."

"அவர் போறது பிரச்சாரத்துக்கு. நீதானே அந்த லைனைப் படிச்சே?"

ஜூடித் கேட்டதில் குத்தல் இல்லை. நிஜமான சந்தேகத்தோடுதான் கேட்டார். குத்தியிருந்தால்கூடத் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம். சங்கமித்ரா கொடுத்த காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த நாள் காலைப் பயிற்சியில் ஸ்னேஹா இருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் போய் சங்கமித்ரா நின்றாள். இருவரும் பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"நான் போகலாம்னு இருக்கேன், ஸ்னேஹா. ஃப்ளைட்ல."

"போங்க."

"உனக்குக் கோவம் இல்லயா?"

ஸ்னேஹா நிமிர்ந்து பார்த்தாள். "இடம் உங்களுது. ஓடி வாங்கினது. நீங்க போறதுக்கு நான் எதுக்குக் கோவப்படணும்? ஒண்ணு மட்டும் பண்ணுங்க. அந்த குரூப்ல என்னப் பத்தி எழுதினீங்க இல்ல, அதே மாதிரி உங்களப் பத்தியும் எழுதிட்டுப் போங்க. அதே வார்த்தை. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு ஐஸில் இறங்கிப் போய்விட்டாள். நியாயமாகப் பார்த்தால் இதைவிடச் சல்லிசாக யாரும் விடமாட்டார்கள். நாலு வரி. எழுதினால் ஸ்னேஹாவுடன் தீர்ந்தது, குரூப்போடும் தீர்ந்தது, விமானம் ஏறிப் போய் ஓடிவிட்டு வரலாம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். 'தன் மேல் மட்டும் ஆசை இருப்பவர்கள் பறப்பார்கள்' வரை வந்தது. அடுத்து 'நான்' என்று போட வேண்டும். அழித்தாள். மறுநாள் ரிங்க்கில் மறுபடி எழுதினாள், அழித்தாள். மூன்றாம் நாள் எழுதி, அனுப்பும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நாற்பது பேர் படிப்பார்கள். லடாக்கில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஜூடித் படிப்பார். அந்த ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே சொத்து, மற்ற எல்லோரையும்விட அவள் சுத்தம் என்ற பெயர். விக்கிக்குப் பதக்கங்கள் இருந்தன, ஜூடித்துக்கு வீடு இருந்தது. இவளுக்கு இது ஒன்றுதான்.

அழித்துவிட்டாள். அன்று மதியம் ஸ்கேட்டிங் சம்மேளனத்துக்குக் கடிதம் எழுதினாள்: கொள்கை காரணமாகப் போட்டியிலிருந்து விலகுகிறேன். அந்த 'கொள்கை' என்ற வார்த்தையை எழுத ஒரு வினாடிகூட ஆகவில்லை.

பிறகு நடந்ததை விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜெனீவாவில் விக்கி அவளுடைய படத்தைப் பெரிய திரையில் காட்டிப் பேசினார். ஒரு பத்திரிகை 'பனிக்காகப் பதக்கத்தைத் துறந்தவள்' என்று எழுதியது. அய்யாவு அதை வெட்டி வைக்கவில்லை. மகளுடைய பெயர் எந்தப் பேப்பரில் வந்தாலும் வெட்டி வைக்கிற மனிதர், அன்றைக்குப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ரிப்பேருக்குக் கிளம்பிவிட்டார். கொரியாவில் ஸ்னேஹா முதல் சுற்றிலேயே வெளியே வந்தாள். அவளுடைய நேரம், சங்கமித்ரா பயிற்சியில் சாதாரணமாக ஓடும் நேரத்தைவிட ஒரு வினாடிக்கு மேல் அதிகம். ரிங்க்கில் பிறந்தநாள் பார்ட்டிக்கு வந்த பிள்ளைகளை நடத்திக்கொண்டே அவள் அதைப் போனில் பார்த்தாள்.

பத்து மாதம் கழித்து அமைப்பின் ஆண்டுக் கூட்டம். ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுத் தோட்டத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த இளம் வீரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். விக்கி எழுந்து, கடந்த வருஷம் நடந்தது நம் எல்லோரையும் யோசிக்க வைத்தது என்றார். ஓடிக்கொண்டிருக்கும் வீரர்களிடம் நாம் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டோம் என்றார். ஆகவே உறுதிமொழியில் ஒரு திருத்தம்: வருஷத்துக்கு ஒரு சர்வதேசப் போட்டிக்கு விமானத்தில் போகலாம். அதற்குப் பெயர் 'சங்கமித்ரா விதி'. எல்லோரும் கைதட்டினார்கள். ஜூடித் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தமிழில் நீதான் வாசிக்க வேண்டும் என்று தாளைக் கொடுத்தார்கள்.

வாசித்தாள். தன் பெயரைத் தானே சத்தமாகப் படிப்பது விநோதமாக இருந்தது. நடுவில் வரி தவறித் திரும்பப் படித்ததை எல்லோரும் நெகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். அவளுக்குள் இருந்தது வெறுப்புதான். விக்கி மேல், அந்தத் தோட்டத்தின் மேல், எல்லாவற்றையும்விட அந்த நாலு வரியை அழித்த தன் விரலின் மேல்.

கூட்டம் கலையும்போது ஒரு பெண் ஓடி வந்தாள். வைஷ்ணவி, பதினேழு வயது, ஐநூறு மீட்டர். தோளில் பை, பக்கத்தில் இழுத்துப் போகிற பெட்டி. ஜப்பானில் ஜூனியர் போட்டி, இங்கிருந்தே நேராக ஏர்போர்ட்.

"தேங்க்ஸ்க்கா. நீங்க மட்டும் அன்னிக்குப் போயிருந்தீங்கன்னா இந்த ரூல் வந்தே இருக்காது. நான் இன்னிக்கு வீட்லதான் இருந்திருப்பேன்."

அந்தப் பெண் சொன்னது முழுக்க உண்மை. இதற்குள் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் புகழ்ந்தும் ஒன்றும் ஆகாத சங்கமித்ராவால் இந்த உண்மையைத்தான் தாங்க முடியவில்லை. நான் பனிக்காக விடவில்லை, ஒருத்தியிடம் தலைகுனிய மனசு வராமல் விட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். வைஷ்ணவியின் முகத்தில் அவ்வளவு மரியாதை இருந்தது.

சங்கமித்ரா அவள் தோளைத் தட்டிக்கொடுத்து, "ஃப்ளைட் எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.