பிளாஸ்டிக் போட்ட போர்டிங் பாஸ்

பிள்ளைகளே, அலுமாரியைத் துப்புரவாக்கும்போது பிளாஸ்டிக் போட்ட ஒரு தாளை எடுத்து, "பழைய டிக்கெட்டாப்பா, வீசவா?" என்று கேட்டீர்கள். பதிலை இப்போது எழுதுகிறேன்.

அது திருச்சிக்குப் போவதற்கான போர்டிங் பாஸ். அங்கேதான் உங்கள் பெரியத்தை இருந்தார். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு, இந்தியாப் பாஸ்போர்ட் கிடைத்துக் கப்பலேறிய என் அக்கா. அதற்குப் பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவேயில்லை. யுத்தம் முடியப் போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அக்காவின் மகன் போன் எடுத்தான். "அம்மாவுக்கு ரொம்ப முடியல மாமா. தம்பிய ஒருதடவ பாக்கணும்னு சொல்லிக்கிட்டே கெடக்கு. சீக்கிரம் வாங்க."

மலிவான விமானத்தில் இடம் எடுத்தேன். அந்தக் கம்பனிக்கு ஒரு சட்டம்: போர்டிங் பாஸை நாமே பிரின்ட் எடுத்துக்கொண்டு போகவேண்டும். கட்டுகஸ்தோட்டையில் போன் பேசவும் போட்டோகொப்பி எடுக்கவும் போகிற கடை ஒன்று இருந்தது. கடைக்கார முஸ்லிம் நானா கம்பியூட்டரில் தட்டி எடுத்துத் தந்தார்.

"இதை லெமினேட் பண்ணித் தாங்க நானா" என்றேன்.

"ஐடென்டி கார்டுக்குப் போட்டீங்க, பொலிஸ் ரிப்போட்டுக்குப் போட்டீங்க, சரி. இது ஒரு நாள் பேப்பர் அண்ணன். வானத்திலயும் செக் பொயின்ட் இருக்கா?"

"எதுக்கும் போடுங்க."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கலவரத்தில் வத்தேகமவில் எங்கள் வீடு எரிந்தபோது பிறப்புச் சான்றிதழ்களும் எரிந்தன. நான் நான்தான் என்று காட்ட எத்தனை அரசாங்கக் கந்தோர்ப் படி ஏறினேன்! பிறகொருமுறை, தமிழர்கள் எங்கே போனாலும் காட்டவேண்டிய பொலிஸ் ரிப்போட் மழையில் கரைந்து, எழுத்துத் தெரியவில்லை என்று இரண்டு நாள் உள்ளே வைத்தார்கள். அன்றிலிருந்து என் கைக்கு வருகிற எந்தத் தாளையும் பிளாஸ்டிக் போடாமல் வைத்ததில்லை.

போகிற அன்று கலகெதர வழியாக பஸ். குருணாகல் தாண்டியதும் செக் பொயின்டில் எல்லோரையும் இறக்கினார்கள். நல்ல மழை. மற்றவர்களின் கடதாசிகள் கையிலேயே ஊறின. ஆமிக்காரர் என் போர்டிங் பாஸில் இருந்த தண்ணீரை விரலால் வழித்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டித் திருப்பித் தந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனாலும் அங்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது.

விமான நிலையத்தில் கவுண்டர் பிள்ளை தாளை வாங்கி சீல் குத்தினாள். மை ஒட்டவில்லை. இன்னொருமுறை குத்தினாள். அதுவும் வழிந்தது.

"அங்கிள், இதுக்கு ஏன் பிளாஸ்டிக் போட்டீங்க? சீல் பிடிக்காது. பாதியக் கிழிச்சு எடுக்கவும் ஏலாது. அங்கால கந்தோர்ல புதுசா ஒண்டு எடுத்துட்டு வாங்க, கெதியா."

நகத்தால் பிரிக்கப் பார்த்தேன். பல்லாலும் கடித்தேன். பக்கத்தில் நின்றவரிடம் ஒரு கத்தரிக்கோல் கேட்டேன். அந்த நாளில், அந்த இடத்தில், ஒரு தமிழன் கத்தரிக்கோல் கேட்டால் எப்படி இருக்கும்? பொலிஸ்காரர் என்னைக் கூப்பிட்டுப் பையைத் திரும்ப ஒருமுறை கொட்டிப் பார்த்தார். கந்தோர் வரிசையில் என் முறை வருவதற்குள் கவுண்டரை மூடிவிட்டார்கள்.

வெளியே வந்து போன் எடுத்தேன்.

"ஏறிட்டீங்களா மாமா? அம்மா வாசலையே பாத்துக்கிட்டு இருக்கு."

"இல்லடா" என்றேன்.

அடுத்த விமானம் மூன்று நாள் கழித்து. இரண்டாம் நாளே அக்கா போய்விட்டார். அடுத்த பாஸைச் சும்மா மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அக்காவின் சேலை ஒன்று கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதைத்தான் பார்த்தேன்.

திரும்பி வந்த பிறகு ஒருநாள் நானா கடைக்குப் போனேன்.

"அக்காவப் பாத்தீங்களா அண்ணன்?"

"பாத்தேன் நானா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு நன்றி சொன்னார். அவருடைய லெமினேட் மெஷினிலிருந்து யாருடையதோ ஒரு பொலிஸ் ரிப்போட் சூடாக வெளியே வந்துகொண்டிருந்தது.